304 ஆட ஒரு மேற்பலகை: அரைத் தாள் பிளைவூட்டில், இரண்டு பாதியாக

செத்தவீட்டு இரவானாலும் சிவராத்திரியானாலும் கலியாண வீட்டுப் பின்வளவானாலும் 304 என்ற சீட்டாட்டத்துக்குக் கடதாசியோடு உட்காருகிறவர்களுக்கு இருக்கும் கரைச்சல் ஒன்றுதான்: மேசை. பிளாஸ்ரிக் மேசையில் நாலு பேரின் முழங்கையும் முட்டும். போட்ட கடதாசி வழுக்கிக்கொண்டு நிலத்துக்குப் போகும். வெறும் பலகையில் கிடக்கிற கடதாசியின் கீழே நகம் போகாது, ஒவ்வொரு சுற்றிலும் விழுகிற கடதாசியை, அதாவது பிடியை, மேசை ஓரம் வரை இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

போக்கர் ஆடுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தனி மேசை வாங்காமல், வீட்டில் உள்ள மேசைக்கு மேல் மெத்தையும் துணியும் போர்த்திய பலகை ஒன்றை வைத்துவிடுவார்கள். போக்கரில் கடதாசி மேசையில் கவிழ்ந்து கிடக்கும், பக்கத்தில் சில்லுகளை அடுக்குவார்கள். அதனால் அவர்களுடைய பலகைக்குக் கை வைக்கத் தடித்த மெத்தை விளிம்பும் கோப்பைக் குழியும் தேவைப்படும். நாலு பேர் ஆடும் 304 இல் ஆளுக்கு எட்டுக் கடதாசியும் கையில்தான் இருக்கும். மேசைக்கு வருவது போடுகிற பிடியும், ஏலம் கேட்டவர் கவிழ்த்து வைத்த துரும்பும் மட்டும். ஆகவே விளிம்பையும் குழியையும் தாராளமாக விட்டுவிடலாம். கடினமான வேலையில் பெரும் பங்கு அங்கேயே குறைகிறது.

இங்கே சொல்வது 4 அடி அகலமான எண்கோணப் பலகை. நாலு பேர் தாராளமாகவும் ஆறு பேர் நெருங்காமலும் இருக்கலாம்: சுற்றளவு 159 அங்குலம், ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 26 அங்குலத்துக்கு மேல் வரும். ஒரே துண்டாகச் செய்தால் வீட்டு வாசலில் தொடங்கி ஓட்டோ வரை எங்கேயும் இடிக்கும். பிணைச்சல் போட்டு மடக்கினால் மடிப்பில் துணி கசங்கி, நடுவில் ஒரு வரம்பு எழும்பிவிடும். அதனால் தனித்தனி இரண்டு பாதி. ஒரு பாதி 6 கிலோ அளவில் இருக்கும், ஒரு கையால் தூக்கலாம்.

வாங்க வேண்டியவை

12 மில்லிமீற்றர் பிளைவூட், 4 அடிக்கு 4 அடி. அதாவது 8 அடிக்கு 4 அடித் தாளில் பாதி. செலவில் பெரியது இதுதான். கடையில் அரைத் தாள் தராவிட்டால் இன்னொரு வீட்டுடன் பங்கு போட்டு ஒரு தாளில் இரண்டு பலகை செய்யுங்கள், பாதித் தாள் வீண்போகாது. 18 மில்லிமீற்றர் வேண்டாம். உறுதி கூடும், ஆனால் எடை ஒன்றரை மடங்காகும். பிறகு அதை யாரும் இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். 9 மில்லிமீற்றர் மாரி முடிவதற்குள் வளைந்துவிடும்.

2 அங்குலம் 1 அங்குல ரீப்பை, அதாவது நீள மரச்சட்டம், 10 அடி, மரக்காலையில் சீவி வாங்கியது. 5 அல்லது 6 மில்லிமீற்றர் மெத்தைத் தாள். துணி 1.6 மீற்றர், 58 அங்குல அகலத்தில். செருப்பு ஒட்டுகிற பசை 250 மில்லிலீற்றர். 8 மில்லிமீற்றர் கால் உள்ள ஸ்ரேப்பிள் ஒரு பெட்டி. திருகாணி 30. பழைய மோட்டார் சைக்கிள் ரியூப் ஒன்று, சைக்கிள் ரியூப் ஒன்று. எனாமல் பெயின்ற் அல்லது வார்னிஷ் கால் லீற்றர். ஸ்ரேப்பிள் துவக்கை விலைக்கு வாங்காமல் குசன் வேலை செய்யும் கடையிலோ சோபா தைக்கிறவரிடமோ ஒரு பின்னேரத்துக்கு இரவல் கேட்கலாம்.

பிளைவூட்டைத் தெரிவு செய்வது

மற்ற எல்லாவற்றையும் பிறகு திருத்தலாம், வளைந்த தாளைத் திருத்த முடியாது. தாளை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நீள விளிம்பு வழியே பாருங்கள். வில்லாகத் தெரிந்தால் அடுத்த தாளைக் கேளுங்கள். முறுக்கு உள்ள தாள், அதாவது ஒரு மூலை எழும்பி எதிர் மூலை தாழ்ந்தது, இன்னும் மோசம். பாரம் வைத்தாலும் அது படியாது. பக்கவாட்டு விளிம்பில் உள் அடுக்குகளுக்கிடையே ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். மேற்பரப்பை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் பொள்ளென்று மாறும் இடத்தில் உள்ளே வெற்றிடம் இருக்கிறது, அந்த இடத்தில் திருகாணியும் ஸ்ரேப்பிளும் பிடிக்காது.

நல்ல தாளும் வரும் வழியில் கெட்டுப்போகும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாங்கி உள் வீதிகளால் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவரும்போது அடியில் எதுவும் கொடுக்காமல் இரு முனையில் மட்டும் தாங்க விட்டால் பள்ளத்துக்குப் பள்ளம் அடித்து வளையும். வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்த்து வெயிலில் விடாதீர்கள். வெயில் படுகிற முகம் காய்ந்து சுருங்க, மற்ற முகம் அப்படியே இருக்க, தாள் கூனும். நிழலில், சமமான நிலத்தில், கறையான் ஏறாதபடி செங்கல்லோ பலகையோ வைத்து அதன்மேல் படுக்கையாக வையுங்கள்.

வெட்டு

கடையிலோ தச்சுப் பட்டறையிலோ மேசை வாள் இருந்தால், 4 அடிச் சதுரத்தை 4 அடிக்கு 2 அடியாக இரண்டாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். எந்தப் பக்கமாக அறுப்பது என்பது முக்கியம். முழுத் தாளின் 8 அடி விளிம்புக்குச் சமாந்தரமாக அறுக்க வேண்டும். மேற்பரப்பின் இழையும் அந்தப் பக்கமாகத்தான் ஓடும். அப்படி அறுத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நீளப் பக்கம் தொழிற்சாலை விளிம்பாகவும், மற்ற நீளப் பக்கம் நீங்கள் அறுத்த விளிம்பாகவும் இருக்கும். இப்போது துண்டுகளை இடம் மாற்றுங்கள். தொழிற்சாலை விளிம்புகள் இரண்டும் நடுவில் பொருந்தட்டும், அறுத்த விளிம்புகள் வெளிப்பக்கம் போகட்டும். கை வாளால் அறுத்து விளிம்பு கொஞ்சம் கோணினாலும் அது துணிக்குள் மறைந்துவிடும். நடுப்பொருத்து மட்டும் நேராக இருக்கும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாதவர்களின் பலகையில் நடுவே கடதாசி விழுகிற அளவுக்கு நீக்கல் வந்துவிடும்.

இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, நாலு வெளி மூலையிலும் எண்கோணத்தைக் குறியுங்கள். மூலையிலிருந்து இரு பக்கமும் 14 அங்குலமும் அரை நூலும் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), மில்லிமீற்றரில் 357. இரண்டு புள்ளியையும் இணைத்து அறுத்தால் எட்டுப் பக்கமும் ஏறத்தாழ 19 அங்குலம் 7 நூல் வரும். அளவுநாடாவில் நம்பிக்கை இல்லாவிட்டால் கயிற்றால் சரிபார்க்கலாம். ஒரு மூலையில் கயிற்றைப் பிடித்து சதுரத்தின் நடுப்புள்ளி வரை நீட்டுங்கள். அதே நீளத்தை அந்த மூலையிலிருந்து பக்கத்தோடு திருப்பினால், அடுத்த மூலைக்கு நீங்கள் குறித்த புள்ளியில் வந்து நிற்க வேண்டும். அறுத்த கூர்முனைகளைச் சாண்ட் பேப்பரால் உருட்டுங்கள். கூர்முனையில் இழுத்த துணி சில மாதத்தில் நூல் நூலாக அறுந்துவிடும். நடுப்பொருத்தின் விளிம்பை மட்டும் உருட்ட வேண்டாம்.

துணி போடுவதற்கு முன், கீழ்முகத்துக்கும் விளிம்புகளுக்கும் பெயின்ற் அல்லது வார்னிஷ் இரண்டு பூச்சு. பார்வைக்காக அல்ல. மேல்முகம் மெத்தையால் மூடப்பட்டிருக்க, கீழ்முகம் மட்டும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தைக் குடித்தால் பலகை மேல்நோக்கி வளையும். வளைந்த இரண்டு பாதி ஒருபோதும் மட்டமாகப் பொருந்தாது.

மெத்தை

மெத்தைக் கடையில் கேட்டால் அரை அங்குல மெதுமையான போம் தருவார்கள். வாங்காதீர்கள். விரலால் அமத்தினால் அடிவரை போகிற போமில் கடதாசியின் மூலை குத்தி நிற்கும், தேநீர்க் கிளாஸ் சாயும், விளிம்பில் துணியை இழுக்கும்போது அது நசுங்கி நடுப்பொருத்தில் ஒரு வாய்க்கால் உண்டாகும். வேண்டியது செருப்பின் அடிப்பகுதி போல இறுக்கமான தாள், 5 அல்லது 6 மில்லிமீற்றர். அமத்தினால் கொஞ்சம் இறங்கி உடனே எழும்ப வேண்டும். கடதாசியின் கீழே நகம் போவதற்கு அந்தக் கொஞ்சம் போதும்.

எளிதில் கிடைப்பது யோகாப் பாய். அதன் அகலம் பெரும்பாலும் 61 சென்ரிமீற்றர், அதாவது 24 அங்குலம், உங்கள் பாதியின் அகலம் அப்படியே. நீளம் 48 அங்குலத்துக்குத் தாராளமாக வரும். இரண்டு பாய் வாங்கினால் எந்தப் பொருத்தும் இல்லாமல் முடியும். ஒரு முகத்தில் வரிகள் இருந்தால் அதைக் கீழே போடுங்கள், மெல்லிய துணிக்கு மேலால் அவை தெரியும். சிறு பிள்ளைகள் விளையாட நிலத்தில் கோக்கிற சதுரத் துண்டுகளும் இறுக்கமானவைதான், ஆனால் பொருத்துகள் துணிக்கு மேலாகத் தடம் காட்டும். பொருள் பெட்டிகளில் வருகிற வெள்ளை ரெஜிபோமை நினைக்கவே வேண்டாம், செருப்புப் பசை பட்டதும் கரைந்துபோகும்.

பாயின் அகலத்தை அப்படியே விட்டு, நீளத்தில் பலகையைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி ஒட்டி, பிறகு விளிம்போடு கத்தியால் சீவுங்கள். பசையைப் பலகை முழுக்கப் பூசத் தேவையில்லை. சுற்றிவர 2 அங்குல அகலத்திலும், நடுவில் ஒரு சிலுவை போலவும் பூசினால் போதும், மீதியை இழுத்த துணி பிடித்துக்கொள்ளும். பலகையிலும் பாயிலும் இரண்டிலுமே பூச வேண்டும். உடனே ஒட்டக்கூடாது. விரலால் தொட்டால் ஒட்டாமல், ஆனால் மெதுவாகப் பிடித்து விடுகிற பதம் வரும்வரை பொறுங்கள். பொதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம், சித்திரை வெயிலில் அதிலும் குறைவு. ஈரமாக ஒட்டினால் உள்ளே ஆவி அடைபட்டு மறுநாள் கொப்புளமாக எழும்பும். மழை நாளில் இன்னொரு கரைச்சல் உண்டு. பசை காயும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும், பசை வெண்மை பூக்கும். அப்படிப் பூத்தால் பிடிக்காது. துடைத்து, வெயில் வந்த நாளில் திரும்பப் பூசுங்கள். இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கக் கூடியது, மூச்சுக்கும் கெடுதல். மா மரத்தடி போலக் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் பீடி சிகரெட்டுக்கும் எட்டத்தில் செய்யுங்கள்.

துணி

பலகை எவ்வளவு நன்றாக வந்தாலும் ஆடுகிறவரின் கைக்குத் தெரிவது துணிதான். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெல்வெட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மயிர் ஒரு பக்கமாகப் படிந்திருப்பதால் கடதாசி ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் தடக்கி நிற்கும். பருத்தி வியர்வையைக் குடித்துக் கறையாகும், தோய்த்தால் சுருங்கும். ரெக்சினில் புழுக்கமான இரவில் முழங்கை ஒட்டும். கடதாசியும் ஒட்டும். நாம் சொல்வது காற்சட்டை தைக்கிற பொலியெஸ்ரர் கலந்த கனத்த துணி. சுருங்காது, கசங்காது, சிந்தினால் துடைக்க நேரம் தரும். கொஞ்சம் இழுபடுகிற துணியாக இருந்தால் மூலைகள் சுலபமாக மடியும். கடைக்குப் போகும்போது ஒரு கடதாசியைக் கொண்டு போங்கள். துணியை விரித்து, கடதாசியை விரலால் தட்டிவிடுங்கள். இரண்டு அடி போய்த் தானாக நின்றால் நல்லது. நிற்காமல் போனால் முற்றத்துச் சோளகக் காற்றில் கவிழ்த்து வைத்த துரும்பு எழும்பி முகம் காட்டிவிடும், பிறகு அந்த ஆட்டம் ஆட்டமே இல்லை. அரை அடியில் நின்றால் எதிரே இருப்பவருக்குப் போடும்போது எழும்பிப் போட வேண்டும்.

நிறம் ஒரே நிறமாக, கருமையாக இருக்கட்டும். கரும்பச்சை எப்போதும் பிழைக்காது. கோடும் பூவும் உள்ள துணியில் கிடக்கிற கடதாசி கண்ணுக்குப் பிடிபடாது. வெள்ளை சார்ந்த நிறம் இரவில் தலைக்கு மேல் தொங்குகிற விளக்கின் ஒளியைத் திருப்பி அடிக்கும், செம்மண் தூசியும் முதல் நாளே அதில் தெரியும்.

ஒவ்வொரு பாதிக்கும் 54 அங்குலம் நீளம், 30 அங்குலம் அகலம். 58 அங்குல அகலத் துணியில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வெட்டினால் 60 அங்குல நீளம் போதும். 1.6 மீற்றரில் கொஞ்சம் மிஞ்சும். ஒன்றைத் திருப்பி வெட்டாதீர்கள். பொருத்தியபின் இரண்டின் இழையும் ஒரே திசையில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே துணியே இரண்டு நிறமாகத் தெரியும். எந்தத் துண்டு எந்தப் பாதிக்கு, எது நடுப்பக்கம் என்று பின்புறத்தில் சோக்கால் எழுதி வையுங்கள்.

நடுப்பொருத்து விளிம்பிலிருந்து தொடங்குங்கள். துணியின் நேரான நூலை விளிம்போடு பொருத்தி, கீழே மடித்து, நடுவிலிருந்து முனைகளை நோக்கி ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு ஸ்ரேப்பிள் அடியுங்கள். இங்கே துணியை இழுக்கவே கூடாது, படிந்தால் போதும். இழுத்தால் மெத்தை உருண்டு வாய்க்கால் விழும். இது நேராக நின்றபின் எதிர் வெளிப்பக்கத்தின் நடுவில் ஒரு ஸ்ரேப்பிள், பிறகு இடம், பிறகு வலம், அதன் பிறகுதான் சரிந்த பக்கங்கள். உள்ளங்கையால் தடவி இழுக்கிற இழுவை போதும். குறட்டால் இழுத்தால் நூல் அலையாக வளைந்து நிற்கும், அதைப் பிறகு நிமிர்த்த வழியில்லை. எண்கோண மூலை விரிந்த மூலை ஆகையால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சிறு மடிப்பு விழும். நடுப்பொருத்து முடிகிற நாலு மூலையும் செங்கோணம். அங்கே மட்டும் அடியில் மிகுதித் துணியை வெட்டி எடுத்து, கடிதவுறை மடிப்பது போல மடியுங்கள். தடித்த மடிப்பு நடுவில் வந்தால் இரண்டு பாதியும் நெருங்காது.

ரீப்பையும் பூட்டும்

ரீப்பையை 24 அங்குலத்தில் நாலு துண்டு, 2 அங்குலத்தில் நாலு கட்டையாக அறுங்கள். பாதியைக் கவிழ்த்து, துணிக்கு அடியில் சுத்தமான பெட்சீற் விரித்து, நடுப்பொருத்து விளிம்பை உங்கள் பக்கம் பார்க்க வையுங்கள். உங்கள் இடப்பக்க முனையிலிருந்து 10 அங்குலத்தில் ஒரு ரீப்பையின் இடது விளிம்பு, 34 அங்குலத்தில் இன்னொன்றின் இடது விளிம்பு, இரண்டும் நடு விளிம்புக்குச் செங்குத்தாக. 18 அங்குலம் பலகையின் மேல் இருக்க, 6 அங்குலம் விளிம்புக்கு வெளியே நாக்குப் போல நீண்டு நிற்க வேண்டும். மற்றப் பாதிக்கும் இதே அளவு, இதே போல இடப்பக்கத்திலிருந்து. இரண்டையும் எதிரெதிராகத் தள்ளினால் ஒவ்வொரு நாக்கும் மற்றப் பாதியின் ரீப்பைக்கு அருகே போய் அந்தப் பாதியின் அடியைத் தாங்கும். ஒரு பாதியில் கை ஊன்றினாலும் நடுவில் படி விழாது. ரீப்பை சீவிய பிறகு 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அந்த இடைவெளி நாக்கு சிக்காமல் போகப் போதும். சீவாமல் முழு 2 அங்குலமாக இருந்தால் 34 ஐயும் 10 ஐயும் ஒரு நூல் குறைத்து வையுங்கள்.

திருகாணி நீளத்தில்தான் நிறையப் பேர் முடித்த பலகையைப் பழுதாக்குகிறார்கள். ரீப்பையின் தடிப்புடன் 8 மில்லிமீற்றர் கூட்டினால் வருகிற நீளமே சரி. சீவிய ரீப்பை 22 மில்லிமீற்றர் என்றால் 30. அதற்கு மேல் போனால் முனை 12 மில்லிமீற்றர் பலகையைத் தாண்டி, மெத்தையைத் துளைத்து, துணியில் வந்து நிற்கும். ரீப்பையில் முதலே துளை போடுங்கள், பாலை முதிரை போன்ற வைர மரமானால் துளையில்லாமல் திருகாணி தலை அறுந்துவிடும். ஒரு ரீப்பைக்கு ஐந்து திருகாணி.

மிஞ்சிய நாலு கட்டையும் பூட்டுக்கு. நடுப்பொருத்தின் இரு முனையிலிருந்தும் 4 அங்குலம் உள்ளே, விளிம்பிலிருந்து 1 அங்குலம் தள்ளி, ஒவ்வொரு பாதியிலும் இரண்டு. கட்டைக்கு இரண்டு திருகாணி. பொருத்தியபின் எதிரெதிராக இரண்டு சோடி நிற்கும். மோட்டார் சைக்கிள் ரியூப்பைக் குறுக்காக ஓர் அங்குல அகலத்தில் வெட்டினால் வளையம் வரும். அதை ஒரு சோடிக் கட்டையைச் சுற்றி இழுத்து மாட்டினால் இரண்டு பாதியும் இறுகிச் சேரும். தளர்வாக இருந்தால் 8 போல முறுக்கி மாட்டுங்கள். இந்தக் கட்டைகள் சாதாரண மேசைக்கு வெளியே வருவதால், பலகையை வைத்தபின் கீழே கை விட்டு மாட்டலாம். ரியூப் வெயிலில் வெடிக்கும், இரண்டு மூன்று வளையம் மேலதிகமாக வெட்டி வையுங்கள்.

எந்த மேசைக்கு மேல்

ரீப்பைகளின் அடியில் சைக்கிள் ரியூப் கீற்றுகளை ஒட்டினால் பலகை வழுக்காது. வெள்ளை மேசை, புதுப் பெயின்ற் அடித்த மேசை என்றால் கறுப்புத் தடம் படியும், இடையில் ஒரு துணி போடுங்கள்.

கவிழ்வது இதைவிடப் பெரிய கவலை. பூட்டிய பலகை 12 கிலோ என்று வையுங்கள். அடி மேசை 30 அங்குல அகலம் என்றால் பலகை ஒவ்வொரு பக்கமும் 9 அங்குலம் வெளியே நிற்கும். ஓரத்தில் 20 கிலோ பாரம் வந்தால்தான் மறுபக்கம் எழும்பும், முழங்கை ஊன்றினால் ஒன்றும் ஆகாது. மேசை 24 அங்குலமானால் 12 அங்குலம் வெளியே நிற்கும், 12 கிலோவிலேயே எழும்பிவிடும். கதிரையிலிருந்து எழும்பும்போது ஒருவர் மேசை ஓரத்தை அமத்துகிற அமத்தல் இதைவிடக் கூட. ஆகவே 30 அங்குலத்துக்குக் குறைந்த மேசையில் வைப்பதானால் ரீப்பைகளுக்குக் குறுக்கே ரியூப்பைச் சுற்றி மேசைக் கால்களோடு கட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வீட்டில் எந்த மேசையானாலும் கட்டத்தான் வேண்டும். தேநீரைப் பலகையில் வைக்காமல் பக்கத்தில் ஒரு ஸ்ரூலில் வைக்கச் சொல்லுங்கள். சீனி போட்ட தேநீர் சிந்தினால் துடைத்தாலும் அந்த இடத்தில் கடதாசி தடக்கும், அரைச்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு தரம் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

ஆட்டம் முடிந்தால் துணி முகங்களை உள்ளே வைத்து இரண்டு பாதியையும் சேர்த்து, நாக்குகளை எதிரெதிர்ப் பக்கம் விட்டு, ரியூப்பால் கட்டுங்கள். கட்டுமுன் துணியைத் தட்டித் தூசி போக்குங்கள். இடையில் அகப்பட்ட செம்மண் துணியை அரத்தாள் போல உரஞ்சும். உரப்பை இரண்டைப் பிரித்துத் தைத்தால் நல்ல உறை கிடைக்கும், காற்றும் போகும். மழையில் கொண்டுபோகும்போது மட்டும் தறப்பாள் சுற்றுங்கள். தறப்பாளுக்குள் நாள் கணக்கில் வைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டில் வைக்கும்போது நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில், சுவரில் முட்டாமல், இரண்டு முளையில் நிமிர்த்தித் தொங்க விடுங்கள். மாரியில் மாதம் ஒருதரம் இறக்கி அடிப்பக்கத்தையும் ரீப்பை முனைகளையும் பாருங்கள், கறையான் மண் கோடு போட்டிருந்தால் முதலில் தெரிவது அங்கேதான்.